ஒளிந்தவளும் உருமாறியவனும்

அவதாரம் என்றால் இறங்கிவருதல். மேலே இருப்பவர் ஒரு காரியத்துக்காக வேறோர் உடலெடுத்துக் கீழே வருவது. 1985இல் ‘அல்டிமா 4’ என்ற கணினி விளையாட்டிலும், அதையடுத்து லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் ‘ஹேபிடாட்’ விளையாட்டிலும் இந்தச் சொல் நுழைந்தது. விளையாடுபவருக்குப் பதிலாகத் திரையில் நடமாடும் உருவத்துக்கு ‘அவதார்’ என்று பெயர் வைத்தார்கள். புராணத்திலிருந்து போன சொல், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கும் படம் என்ற பொருளோடு நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

இணையத்தில் ஏன் இத்தனை பேர் பொய்ப்பெயரிலும் பொய்ப்படத்திலும் உலவுகிறார்கள் என்று கேட்டால், பொதுவாகக் கிடைக்கும் விடைகள் தனிமனிதரைப் பற்றியவை. பயம், கூச்சம், ஆசை, வக்கிரம், பணம். இந்த விடைகள் தவறல்ல. ஆனால் இவற்றில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. வேடமிடுபவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு வேடமிடுகிறார்? கணினிக்கு முன்பே நம்மிடம் வேடங்களுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பெண்ணின் பக்கமிருந்து படித்தால், ஒரே பெயரில் அழைக்கப்படும் இரண்டு வேறு காரியங்கள் தெரிகின்றன. ஒன்று ஒளிதல். மற்றொன்று உருமாறி நுழைதல்.

வேடமிட்டு வந்தவர்கள்

நமக்குத் தெரிந்த மிகப் பழைய போலி அடையாளம் இந்திரனுடையது. கௌதமன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கௌதமன் உருவில் வந்தான். அவளுக்குத் தெரிந்ததா, தெரியாதா என்று ஒவ்வொரு இராமாயணமும் ஒவ்வொன்று சொல்கிறது. நம்மிடையே வழங்கும் கதையில் தண்டனை மட்டும் தெளிவாக இருக்கிறது. உருமாறியவன் தேவலோகம் திரும்பினான், அகலிகை கல்லானாள். 1943இல் வெளிவந்த ‘சாபவிமோசனம்’ கதையில் புதுமைப்பித்தன் அவளை மீண்டும் கல்லாக்கினார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேள்விப்பட்ட பிறகு, இம்முறை அவளாகவே கல்லாகிறாள்.

அல்லி அரசாணி மாலையை எடுத்துக்கொள்வோம். மதுரையை ஆளும் அல்லி ஆண்களை அண்டவிடாதவள். அருச்சுனன் அவளை விரும்புகிறான், அவள் மறுக்கிறாள். கண்ணன் துணையோடு பாம்பாக உருமாறி அவளுடைய பள்ளியறைக்குள் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டுகிறான். அம்மானைகளாகப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, திண்ணைகளில் உரக்கப் படித்து, பெண்களும் கேட்டு மகிழ்ந்த கதை இது. அல்லியின் கோபத்தைக் கதை மறைக்கவில்லை. ஆனால் கேட்பவர் அருச்சுனனின் சாமர்த்தியத்தைத்தான் மெச்ச வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

வள்ளி கதையும் இப்படித்தான். வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகத் தண்ணீர் கேட்டான். இவையெல்லாம் போதாதென்று அண்ணன் யானையாக வந்து அவளை விரட்டினான். விடியவிடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தில் கிழவன் வேடம் மேடையேறியதும் கூட்டம் சிரிக்கத் தொடங்கும். நானும் சிரித்திருக்கிறேன். பக்தர்களுக்கு அது ஆன்மாவை ஆட்கொள்ளும் கதை. அந்தப் பொருளை நான் மறுக்கவில்லை. அதே கதை, வேடமிட்டு ஒரு பெண்ணை நெருங்குவதை லீலையாகப் பார்க்கவும் நம்மைப் பழக்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த மூன்று கதைகளிலும் வேடம் அணிபவருக்கு அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. தேவன், அரசகுமாரன், கடவுள். அவர்களுக்கு இல்லாத ஒன்றே ஒன்று அந்தப் பெண்ணின் சம்மதம். அதைக் கேட்டுப் பெறாமல் கடந்துசெல்லும் வழிதான் வேடம்.

தெரிந்தே அணியும் முகம்

எல்லா வேடமும் ஏமாற்று அல்ல. தொல்காப்பியம் அகத்திணைப் பாட்டில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டக் கூடாதென்று விதித்தது. தலைவி, தோழி, செவிலி, பரத்தை என்று பெயரற்ற மாந்தரே பேசினார்கள். ஆண் புலவர்கள் தலைவியின் குரலில் ஏராளமாகப் பாடினார்கள். கேட்பவர்களுக்கு அது மரபென்று தெரியும். யாரும் ஏமாறவில்லை. அந்த மரபு சிலரின் இயற்பெயரை அடியோடு விழுங்கியும் இருக்கிறது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார் போன்றோருக்குப் பாட்டில் வந்த தொடரே பெயராகிவிட்டது.

பக்தியிலும் இது தொடர்ந்தது. நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். பெண்ணுக்கு இலக்கணம் மறுத்த மடலேறுதலைக்கூடத் திருமங்கையாழ்வார் பெண் குரலில் பாடிப் பார்த்தார். ஆண் பெண்ணாக மாறுவது அங்கே உயர்ந்த பக்தி நிலை. சென்ற நூற்றாண்டின் நாடக மேடையில் ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்துக்கு அந்தப் பாத்திரமே அடைமொழியாகி, அவர் ஔவை சண்முகம் ஆனார். எதிர்த்திசையில் 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். எல்லோருக்கும் தெரிந்தே அணிந்த முகங்கள் இவை.

இந்த வரிசையில் காரைக்கால் அம்மையாரை வைக்க எனக்குத் தயக்கம். புனிதவதி மாங்கனியால் கணவனை அச்சுறுத்தினாள். அவன் வேறோர் ஊரில் வேறொரு பெண்ணை மணந்து வாழ்ந்தான். அவனுக்காகத் தாங்கிய இந்த உடலை உதறிவிட்டுப் பேயுரு வேண்டும் என்று அவள் இறைவனிடம் கேட்டுப் பெற்றாள் என்கிறது பெரியபுராணம். பாடல்களின் முத்திரை அடிகளில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டாள். நாயகி பாவத்துக்கு வந்த ஆழ்வார்கள் அழகான பெண்களாக வந்தார்கள். உண்மையான பெண்ணுக்கோ பாடுவதற்கு அழகு இடைஞ்சலாக இருந்தது. யாரும் ஆசையோடு பார்க்காத ஓர் உருவம் தேவைப்பட்டது.

அச்சுக்கு வந்த பெயர்கள்

அச்சு வந்தபோது புனைபெயர் எழுத்தாளரின் அன்றாடக் கருவியானது. பாரதியே ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று பல பெயர்களில் எழுதியவர். நான் கவனிப்பது வேறொரு பழக்கத்தை. எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் இருந்தார். பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ‘திருவரங்கன் உலா’வை எழுதிய ஸ்ரீவேணுகோபாலன், வேறு ரகக் கதைகளைப் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் எழுதினார். பக்திக்கும் சரித்திரத்துக்கும் ஒரு பெயர், கிளுகிளுப்புக்குப் பெண் பெயர் கலந்த இன்னொன்று.

இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. ஆணுக்குப் பெண் பெயர் எவ்வளவு இலகுவாகக் கிடைத்தது என்பதையே சொல்கிறேன். ரகசியம் வெளிப்பட்டபோது யாருக்கும் எதுவும் நேரவில்லை. வாசகர்கள் வியந்தார்கள், விற்பனை தொடர்ந்தது.

இதற்கு அருகில் சல்மாவை வைத்துப் பாருங்கள். துவரங்குறிச்சியில் பருவமெய்தியதோடு பள்ளி நிறுத்தப்பட்ட பெண். ராஜாத்தி என்றும் ரொக்கையா என்றும் அறியப்பட்டவர் கவிதைக்காக எடுத்துக்கொண்ட மூன்றாவது பெயர் சல்மா. புகுந்த வீட்டில் ஒளித்து எழுதிய தாள்களை அவருடைய தாய் வெளியே கொண்டுபோய் அனுப்பிவைத்தார். 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு வந்தது. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது ஒரு பெண் வீட்டுக்குள் உயிரோடும் மரியாதையோடும் இருப்பதற்கான ஏற்பாடு.

உலக வரலாறும் இதையே சொல்கிறது. 1846இல் பிராண்டி சகோதரிகள் மூவரும் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற பெயர்களில் கவிதை நூல் வெளியிட்டார்கள். விற்றவை இரண்டு படிகள். பெண் எழுத்தாளர்களை முன்முடிவோடு பார்ப்பார்கள் என்பதால் அப்படிச் செய்தோம் என்று சார்லட் பின்னர் விளக்கினார். சி.எஸ். லட்சுமி என்ற ஆய்வாளராகவும் அம்பை என்ற எழுத்தாளராகவும் இரு பெயரில் இயங்கிவரும் நம் முன்னோடி, தமிழ்ப் பெண் எழுத்தைப் பற்றிய தன் ஆங்கில ஆய்வு நூலுக்கு 1984இல் ‘முகமூடிக்குப் பின்னுள்ள முகம்’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். பெண் எழுத்தின் வரலாற்றை எழுதுபவர் முகமூடியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஜோனும் டிப்ட்ரீயும்

இணையத்தின் குழந்தைப் பருவத்திலேயே சிக்கல் வந்துவிட்டது. அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற சேவையின் அரட்டைத் தடத்தில் ஜோன் என்றொருத்தி பெரும்புகழ் பெற்றிருந்தாள். நரம்பியல் உளவியலாளர். விபத்தில் காதலனையும் பேச்சையும் நடையையும் இழந்தவள். முகம் சிதைந்துவிட்டதால் யாரையும் நேரில் பார்க்க மாட்டாள். எத்தனையோ பெண்களுக்கு அவள் உயிர்த்தோழி. சிலருக்கு அதற்கும் மேல். பிறகு தெரிந்தது, ஜோன் என்று யாரும் இல்லை; நியூயார்க்கில் நல்ல உடல்நலத்தோடு வாழ்ந்த ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் மனநல மருத்துவர் ஒருவர் அவளாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஜோன் தன் தோழியரிடம் அந்த மருத்துவரை நல்ல மனிதரென்று அறிமுகப்படுத்தியும் வைத்திருந்தாள். 1985இல் ‘மிஸ்’ என்ற பெண்ணியப் பத்திரிகையில் லிண்ட்ஸி வான் கெல்டர் இதை விரிவாக எழுதினார். ஏமாந்த பெண்களில் சிலர் தங்கள் மீது வன்முறை நிகழ்ந்ததாகவே உணர்ந்தார்கள். சிலர் ஜோன் செத்துப்போனதைப் போலத் துக்கம் காத்தார்கள்.

இதற்குப் பக்கத்தில் ஜேம்ஸ் டிப்ட்ரீயை வைக்கிறேன். 1960களின் இறுதியில் இந்தப் பெயரில் அறிவியல் கதைகள் வரத் தொடங்கின. அவர் பெண்ணாக இருக்கலாமோ என்ற ஐயம் எழுந்தபோது, இவருடைய எழுத்தில் மறுக்கவே முடியாத ஆண்மை இருக்கிறது என்று ராபர்ட் சில்வர்பெர்க் 1975இல் முன்னுரை எழுதினார். 1976இல் டிப்ட்ரீ தன் தாயின் மரணத்தைக் கடிதங்களில் குறிப்பிட்டார். நாளிதழின் இரங்கல் செய்தி வழியே உண்மை வெளிப்பட்டது. டிப்ட்ரீ, ஆலிஸ் ஷெல்டன் என்ற அறுபது வயதைக் கடந்த பெண். பெயரைப் பழக்கூழ் ஜாடி ஒன்றின் மேலிருந்து எடுத்திருந்தார்.

ஜோனும் டிப்ட்ரீயும் எதிர்ப்பாலின் பெயரில் ஆண்டுக்கணக்கில் நெருக்கமான நட்புகளை வளர்த்தவர்கள். இரண்டும் பொய்தான். பிறகு எங்கே வேறுபடுகின்றன? ஷெல்டன் தன் கடிதங்களில் சொன்ன வாழ்க்கை நிகழ்ச்சிகள் அவருடையவை. ஆப்பிரிக்கப் பயணங்கள், போர்க்காலப் பணி, தாயின் நோய் எல்லாம் நடந்தவை. பெயரும் பாலும் நீங்கலாக அங்கே பொய் குறைவு. ஜோனிடமோ வாழ்க்கையே இட்டுக்கட்டியது. அதிலும் அந்த மருத்துவர் தேர்ந்தெடுத்த பொய் ஊனம். யாரும் நேரில் பார்க்கக் கேட்க முடியாத, கேட்டால் கேட்பவருக்கே வெட்கமாகிற பொய். பெண்கள் பெண்களிடம் மட்டும் திறக்கும் கதவுக்கு அதையே சாவியாக்கிக்கொண்டார். அல்லியின் அறைக்குள் போன பாம்புக்கும் ஜோனுக்கும் இடையே எனக்குத் தூரம் தெரியவில்லை.

என் மாணவிகளில் பலருக்கு இன்ஸ்டாகிராமில் இரண்டு கணக்குகள். சொந்தப் பெயரில் இருப்பது அண்ணனும் சித்தப்பாவும் பார்ப்பதற்கு. இன்னொன்றில் முகப்பில் ஒரு பூவோ பூனையோ இருக்கும், கவிதைகள் அங்கேதான். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருத்தி சொன்னாள்: “மேம், அந்த ஐடில நான் பொய்யே சொன்னதில்ல. பேரு மட்டும்தான் பொய். என் பேர்ல இருக்கிற ஐடிலதான் எல்லாமே பொய்.” டிப்ட்ரீயின் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை.

டமாஸ்கஸில் இல்லாத பெண்

2011இன் தொடக்கத்தில் சிரியாவில் கிளர்ச்சி மூண்ட நாட்களில் அமினா என்ற தன்பாலீர்ப்புப் பெண்ணின் இணையக் குறிப்புகள் உலகெங்கும் படிக்கப்பட்டன. ஜூன் 6 அன்று ஆயுதம் தாங்கியவர்கள் அமினாவைக் கடத்திவிட்டதாக அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி எழுதினாள். ஆயிரக்கணக்கானோர் விடுதலை கோரினார்கள். ஒரு வாரத்துக்குள் உண்மை தெரிந்தது. அமினாவும் சகோதரியும் டாம் மெக்மாஸ்டர் என்ற ஒரே ஆள். எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த நாற்பது வயது அமெரிக்கர். அமினாவின் முகமாகப் பரவிய படம், சம்பந்தமே இல்லாத லண்டன் பெண் ஒருவருடையது. அமினாவின் எழுத்தை முன்பு வெளியிட்ட தன்பாலீர்ப்புப் பெண்களுக்கான தளத்தின் ஆசிரியையும் ஆணே, மனைவியின் அடையாளத்தைப் பயன்படுத்திய ஒஹையோக்காரர். இரண்டு ஆண்கள் பெண்களாகத் தங்களுக்குள் சரசமாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த வேடிக்கையைப் படித்துப் பலரும் சிரித்தார்கள். சிரியாவில் உண்மையாகவே ஒளிந்து வாழ்ந்த தன்பாலீர்ப்பாளர்களால் சிரிக்க முடியவில்லை. அமினாவைத் தேடுகிறோம் என்று அவர்களில் சிலர் வெளியே தலைகாட்டி ஆபத்தைத் தேடிக்கொண்டார்கள். அடுத்த முறை உண்மையாகவே ஒருத்தி கடத்தப்பட்டால் யார் நம்புவார்கள் என்பது அவர்களுடைய கேள்வி. மெக்மாஸ்டரோ, குரல் கற்பனையானாலும் தான் சொன்ன உண்மைகள் உண்மைகளே என்று வாதிட்டார். பாதிக்கப்பட்டவளின் குரலுக்குக் கிடைக்கும் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அவளுடைய ஆபத்தை அவளிடமே விட்டுவிடுவது இது. 2021இல் ஸ்பெயினில் கார்மென் மோலா என்ற ‘பெண்’ எழுத்தாளருக்குப் பத்து லட்சம் யூரோ பிளனேட்டா பரிசு அறிவிக்கப்பட்டபோது மேடையேறி வாங்கியவர்கள் மூன்று ஆண்கள். பெண்ணின் பெயருக்கும் ஒரு சந்தை மதிப்பு வந்துவிட்ட காலம் என்பதை அந்த மேடை காட்டியது.

உண்மைப் பெயர் என்னும் ஆயுதம்

இவ்வளவையும் கேட்டபின், எல்லோரும் சொந்தப் பெயரில்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றலாம். தென்கொரியா 2007இல் போட்டுப் பார்த்தது. பெரிய தளங்களில் எழுத அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது. 2011இல் இரு தளங்களிலிருந்து மூன்றரைக் கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடப்பட்டன. 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்துசெய்தது. 2014இல் ஃபேஸ்புக் உண்மைப்பெயர் விதியைக் காட்டி, பெண்வேடக் கலைஞர்கள் உள்ளிட்டோரின் கணக்குகளை முடக்கியது, பிறகு மன்னிப்புக் கேட்டது. நம் ஊரிலும் 2018இல் சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. இணைய வழியில் நடக்கும் துன்புறுத்தலைத் தடுக்க வேண்டும் என்ற நல்ல காரணமே அதற்குச் சொல்லப்பட்டது.

ஆனால் அதே 2018இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். திரையுலகிலும் இலக்கிய உலகிலும் நேர்ந்த அத்துமீறல்களைப் பற்றிப் பெயர் வெளியிடாத பெண்களின் சாட்சியங்கள் பாடகி சின்மயி வழியே வெளிவந்தன. சொந்தப் பெயரில் பேசிய அவர், சந்தா கட்டவில்லை என்ற காரணம் சொல்லி டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். பெயரின் விலை என்னவென்று பெயர் சொல்லாதவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியச் சட்டத்தில் குற்றம். முன்பு தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, இப்போது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. சில பெயர்கள் மறைந்திருப்பதே நீதி என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 புத்தாண்டு நாளில் ‘புல்லி பாய்’ என்ற செயலிகளில் முஸ்லிம் பெண்களின் படங்கள் ஏலப்பொருள்போல வைக்கப்பட்டன. அந்தப் பெண்கள் சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு, பத்திரிகையாளர்களாகவும் செயற்பாட்டாளர்களாகவும் இணையத்தில் இருந்தவர்கள். உண்மைப் பெயரோடு வா என்ற அறிவுரையைக் கடைப்பிடித்தவர்கள். ஏலம் விட்டவர்கள் முகமற்றவர்கள். பழி வேறிடம் போகச் சீக்கியப் பெயர்களைப் போர்த்திக்கொண்டவர்கள். கைதானவர்களில் பதினெட்டு வயதுப் பெண்ணும் ஒருத்தி. பெண் என்பதாலேயே ஒருத்தி ஒளிபவர்களின் பக்கம் நிற்பாள் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒரு பொய்ப்பெயரைக் கண்டால் அது பொய்யா என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. இந்தப் பெயர் எதற்குக் கதவு? உள்ளிருப்பவர் வெளியே வரவா, வெளியிலிருப்பவர் உள்ளே நுழையவா? முகமூடி கழன்றால் இழக்கப்போவது அணிந்தவரா, நம்பியவரா? சல்மாவின் பெயர் கழன்றிருந்தால் சல்மா இழந்திருப்பார். ஜோனின் பெயர் கழன்றபோது இழந்தவர்கள் அவளை நம்பிய பெண்கள். ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு சொல்கிறது. மோசடியைத் தண்டிக்க அது இருக்கிறது, அதைக் காவல் நிலையங்கள் பயன்படுத்தட்டும். பூவின் பின்னால் ஒளிந்து கவிதை எழுதுகிறவளைத் தேடிப்பிடிக்க அது வேண்டியதில்லை.

உன் சொந்தப் பெயரில் எழுது என்று சொல்கிறவர்கள், அந்தப் பெயரோடு அவள் நிம்மதியாகத் திரும்பிப்போகக்கூடிய ஒரு வீட்டையும் தெருவையும் முதலில் காட்டட்டும். அதுவரை அவளுடைய பெயரைக் கேட்காமல் அவள் எழுதியதைப் படிப்போம்.